களர்மேட்டுச் சர்க்கார் கரி

உலகத்தில் வெள்ளையடிக்கிறவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். ஆனால் "சுவர் போதுமான அளவு கறுப்பாக இல்லை, இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு சதுர அடி கரி ஏற்று" என்று சர்க்காரே முத்திரை குத்தி உத்தரவு போட்டது தன் ஒருவனுக்குத்தான் என்றும், ஏற்றிய அந்தக் கரியை இரண்டு அதிகாரிகள் வாய் பிளந்து நிற்கும்போதே பன்னிரண்டு குடம் பச்சைத் தண்ணீரில் பால்போல வெளுக்கவைத்தவனும் தான் ஒருவன்தான் என்றும் இருசப்பன் மார்தட்டியபோது, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சேட்டுவின் டீக்கடை பெஞ்சில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

எட்டுப் பேர் நம்பினார்கள். அவர்கள் இருசப்பன் சொன்னால் ஏரி எழுந்து நடந்தது என்றாலும் நம்புகிற எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் ராஜாராம். புகையாபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார்:

"புளுகு."

"இன்னா சார் இப்டி சொல்லிட்டே? நீதானே வந்து அளந்தே!"

"நான் அளந்ததுக்கு ரிகார்டு இருக்கா?"

"இல்லே."

"அப்போ நான் அளக்கல. ரிகார்டுல இல்லாதது நடக்கல."

"நாளைக்கு அந்தக் களர்மேட்டுப் பிரசவ ரூமுக்குப் பொங்கல் வெள்ளை அடிக்கப் போறேன். கூட வா சார். சாட்சி அங்கதான் குந்திக்கினு கீது."

"வரேன். பொய்யை நேர்ல பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று ராஜாராம் பேப்பரை மடித்தார்.

நடந்தது இதுதான். அறுபத்தொன்றாம் வருஷம், ஆடி மாசம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பாதையில், களர்மேடு என்ற குக்கிராமத்தில் ஒரு பிரசவ விடுதி. ஓடு வேய்ந்த கட்டடம். பிரசவ அறை ஒன்று, மருந்து அறை ஒன்று, முன்னால் ஒரு தாழ்வாரம். நர்சு ஆண்டாளம்மாள் அங்கே ராஜ்யம் நடத்தி வந்தாள். ஒரு நாள் கத்தரிக்கோல் வேகவைக்க ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கறவை மாடு கயிற்றில் சிக்கிக் கத்துகிறதே என்று எட்டிப் பார்க்கப் போனாள். ஸ்டவ் பொங்கியது. பக்கத்தில் பஞ்சு மூட்டை. அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை.

ஊரே குடத்தோடு ஓடிவந்து அணைத்துவிட்டது. எரிந்துபோனவை ஒரு பெஞ்சு, பஞ்சு மூட்டை, ஒரு காலண்டர். காலண்டரிலும் ஆடி மாசம் வரைக்கும்தான் எரிந்தது. ஆனால் மண்ணெண்ணெயும் பஞ்சும் சேர்ந்து விட்ட புகை இருக்கிறதே, அது இரண்டு அறையையும் நெல் அவித்த பானையின் அடிப்பாகம் மாதிரி ஆக்கிவிட்டது.

இருசப்பனுக்கு இதில் ஒரு சொந்தக் கவலை. மகள் தேவகி ஆறு மாசம். தலைச்சன் பிள்ளை, தாய்வீட்டுப் பிரசவம். ஐப்பசி மழையில் களர்மேட்டுப் பாதையில் வண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் போகும். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பது பேச்சுக்குத்தான். மனைவி சிட்டம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்:

"எம் பொண்ணு நர்சம்மா கையிலதான் பெத்துக்கும். அந்த ரூமுலதான் பெத்துக்கும். நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் வெள்ளை அடிக்கிறியே, பெத்த மவளுக்கு அடிக்க மாட்டே?"

மறுநாள் காலையிலேயே இருசப்பன் வெள்ளையடிக்கிற மட்டையும் சாக்குமாக விடுதிக்கு வந்துவிட்டான். ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிச் சுவரில் வீசப் போன ஆண்டாளம்மாளைக் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தான்.

"நர்சம்மா, புகைக் கரியில தண்ணி பட்டா பசையாப் பூடும். சுவரு குடிச்சிடும். அப்பறம் ஒங்கப்பன் வந்தாலும் எடுக்க முடியாது. மொதல்ல காஞ்ச மட்டை. மேலேர்ந்து கீழே. அப்பறம் தவுட்டு உருண்டை வச்சி ஒத்தி எடுக்கணும். அப்பறம் வண்ணாரு போடுற உவர்மண்ணைக் கரைச்சி ஒரு கழுவு. கடைசில மோரு வுட்ட சுண்ணாம்பு மூணு பூச்சு. நாலே நாள். அஞ்சாம் நாள் மூஞ்சி பாக்கலாம்."

"அடி, அடி" என்றாள் ஆண்டாளம்மாள். "ஆனா கட்டடம் சர்க்காரோடது. புகையாபீசுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டுர்றேன். அவங்க வந்து பாத்ததும் ஆரம்பி."

அந்த ஒரு வார்த்தைதான் வினை.

புகையாபீஸ் என்பது ஊரார் வைத்த பெயர். போர்டில் 'தீ மற்றும் புகைச் சேத சீரமைப்பு இலாகா' என்று இருக்கும். பெரிய மாடி வீடு. தீ அணைப்பது அவர்கள் வேலையல்ல. அது வேறு இலாகா. அணைந்த பிறகு மிஞ்சுவதைப் பாதுகாப்பது அவர்கள் வேலை. அதைச் சுத்தம் செய்வதுதான் வேலை என்று சிலர் தப்பாக நினைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் ராஜாராம் சைக்கிளில் வந்து இறங்கினார். வழியில் சேட்டு கடையில் நாஷ்டா. இரண்டு மசால்வடையைப் பொட்டலம் கட்டி வாங்கி, ஒன்றைக் கடித்துக்கொண்டே உள்ளே வந்தவர், மட்டையும் கையுமாக நின்ற இருசப்பனைப் பார்த்துப் பதறிப்போனார்.

"யாருப்பா நீ? கரியைத் தொட்டியா?"

"இன்னும் இல்லே சார்."

"தப்பிச்சே! இது இப்போ சர்க்கார் கரி. கட்டடம் சர்க்காருது, பஞ்சு சர்க்காருது, மண்ணெண்ணெய் சர்க்காருது. அதுலேர்ந்து வந்த கரி மட்டும் உங்கப்பன் ஊட்டுதா?"

இருசப்பன் யோசித்துப் பார்த்தான். நியாயம்போலத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ராஜாராம் அச்சடித்த பாரத்தை விரித்தார். இலாகா விதிப்படி புகைக் கரி மூன்று வகுப்பு. சுவரில் உள்ளங்கையை வைத்தால் கை முழுக்கக் கறுத்தால் அ வகுப்பு. விரல் நுனி மட்டும் கறுத்தால் ஆ வகுப்பு. கறுக்கவில்லை, ஆனால் கறுத்திருக்குமோ என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் இ வகுப்பு. ராஜாராம் மசால்வடை தின்ற கையைத் துடைக்காமலே பிரசவ அறைச் சுவரில் அப்பி, நன்றாக அழுத்தி எடுத்தார்.

அவருடைய வலது கை ஊரறிந்த கை. முப்பது வருஷம் பேனா பிடித்ததில் சுண்டுவிரல் மட்டும் இலாகாவோடு கோபித்துக்கொண்டதுபோலத் தனியாக விலகி நிற்கும். அந்த விரலோடு, அந்த எண்ணெயோடு, கை அச்சாக விழுந்தது.

"அ வகுப்பு" என்றார் பெருமையாக. பிறகு நூல் பிடித்து அளந்தார். மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு சதுர அடி கரி. கதவைப் பூட்டி அரக்கு வைத்து, ஆண்டாளம்மாளைத் தாழ்வாரத்துக்குக் குடியேற்றிவிட்டுப் போய்விட்டார்.

ஆவணி போயிற்று. பதில் வந்தது: 'கரி நீங்கக்கூடியதுதானா என்பதை அறிய ஒரு மாதிரி நீக்கம் செய்து காட்டவும்.' அதற்காக மருந்து அறையின் அரக்கு உடைக்கப்பட்டது. இருசப்பன் துள்ளிக் குதித்தான். எவ்வளவு மாதிரி என்று கடிதத்தில் இல்லை. அதனால் மருந்து அறை முழுவதையும் மாதிரியாக்கிவிட்டான். கூரை ஓட்டையும் விடாமல் மாதிரி. ஆண்டாளம்மாள் அந்தச் சுவரைக் கண்ணாடியாக வைத்துத் தலை வாரிக்கொள்ளலாம்போல இருந்தது.

புரட்டாசியில் ராஜாராம் மறுபடி அளந்தார். நூல் கை தவறி விழுந்தது.

"நானூறு அடிதான் இருக்கு! பாரத்துல எண்ணூத்திப் பன்னெண்டு! மீதி நானூத்திப் பன்னெண்டு அடி கரி எங்கே?"

"நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க?"

"எடுத்துக் காட்டுன்னு சொன்னோம். எடுத்துடுன்னு யார் சொன்னது? எண்ணூத்திப் பன்னெண்டு அடிக்குத்தான் சீரமைப்புப் பணம் மஞ்சூர் ஆகப்போவுது. சேதமே இல்லாத இடத்தைச் சீர்படுத்தினா அது மோசடி. நீ சர்க்காரை மோசடிக்காரனா ஆக்கப் பார்க்கிறியா?"

ஒரே வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. இலாகாவின் சரித்திரத்திலேயே ஒரு வாரத்தில் வந்த கடிதம் அது ஒன்றுதான். 'குறைந்துள்ள 412 சதுர அடி அ வகுப்புக் கரியை மேற்படி இருசப்பன் தன் பொறுப்பில் ஏற்றிக் கொடுக்கவேண்டியது. ஏற்றும் கரி பழைய கரியோடு ஒத்திருக்கவேண்டியது. ஒப்பிட்டுப் பார்க்கும்பொருட்டு இரண்டு அறைகளும் அவனுக்குத் திறந்துவிடப்படும். ஐப்பசி பத்தாம் தேதி புகை அதிகாரி வேதகிரி நேரில் பார்வையிடுவார்.'

இருசப்பன் அதை ஆண்டாளம்மாளிடம் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டான். வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"இருவது வருசமா வெள்ளையடிச்ச கை சிட்டு இது. கரியடிக்கச் சொல்றான். ஊர்ல எவன் இனிமே கூப்புடுவான்?"

சிட்டம்மாள் மகளைப் பார்த்தாள். தேவகி மணையில் உட்காரக்கூட முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள் நெருங்கிவிட்டது.

"யோவ், எழுந்திரு. உத்தரவுல இன்னா கீது? ரெண்டு ரூமையும் தெறந்து வுடுவாங்க. அதானே? கதவு தெறந்தா போதாதா ஒனக்கு?"

இருசப்பன் எழுந்து உட்கார்ந்தான். அன்று சோறு வடித்த கஞ்சி முற்றத்துச் சட்டியில் ஆறி, மேலே தோல் படர்ந்திருந்தது. அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். வழித்து எடுத்தால் ஏடாக வந்தது. அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

கரி ஏற்ற உள்ளே போனவன் முதல் நாலு நாள் பிரசவ அறைக் கரியை எடுத்தான். காய்ந்த மட்டை, தவிட்டு உருண்டை, உவர்மண், மோர்ச் சுண்ணாம்பு மூன்று பூச்சு. எல்லாம் போயிற்று, ராஜாராம் கை ஒன்றுதான் போகவில்லை. எண்ணெய் ஊறிய இடம். பூசப் பூச உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. "கெடக்கட்டும், உள்ளயே" என்று அதன் மேலும் இரண்டு பூச்சு போட்டான்.

ஐந்தாம் நாள் களர்மேட்டு வீடுகளிலெல்லாம் வடித்த கஞ்சி விடுதிக்கு வந்தது. இரண்டு அறைச் சுவரிலும் கெட்டிக் கஞ்சியை மெழுகி, அது ஈரமாக இருக்கும்போதே மேலே கரியைத் தூவினான். கரிக்கு என்ன பஞ்சம்? ஊரில் ஒவ்வொரு பெண்ணும் பானையின் அடியைச் சுரண்டிக் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரம் களர்மேட்டில் பானைகள் மினுங்கியதுபோலக் கல்யாண வீட்டுப் பாத்திரங்கள்கூட மினுங்கியதில்லை.

ஐப்பசி பத்து. வேதகிரி ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை பூட்ஸ். கரி இலாகாவில் அதிகாரிக்கு அதுதான் உடுப்பு. சுவரில் உள்ளங்கையை வைத்தார். கை முழுக்கக் கறுத்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"ராஜாராம், இது பழசைவிட உசந்த கரி!"

"அ வகுப்பு சார்."

"அதுக்கும் மேலே ஒரு வகுப்பு இல்லையேன்னு வருத்தமா இருக்கு."

ஊர் கூடியிருந்தது. கூட்டத்தைக் கண்டதும் வேதகிரிக்குப் பேச்சு வந்தது.

"பெரியோர்களே! நெருப்பு என்பது அவசரக்காரன். ஒரே நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். அதற்குப் பொறுப்பு கிடையாது. இலாகா அப்படி இல்லை. சென்ற வருஷம் இருபத்தேழு தீ விபத்து. ஒன்றிலாவது நாங்கள் அவசரப்பட்டோமா? ஒரு சுவரையாவது இதுவரை சுத்தம் செய்தோம் என்று யாராவது விரல் நீட்ட முடியுமா? சுத்தமான சுவரால் எங்களுக்கு என்ன லாபம்? அது எதையாவது நிரூபிக்குமா? கரி நிரூபிக்கும்! கரி இருக்கிற வரைக்கும் இலாகா இருக்கும்!"

சேட்டு மட்டும் கைதட்டினார். அவர் டீ விற்க வந்தவர்.

கைதட்டல் ஓயும்போது தெருக்கோடியில் ஒரு கயிற்றுக் கட்டில் தெரிந்தது. நாலு பெண்கள் தூக்கிவர, முன்னால் சிட்டம்மாள் தலைமயிர் அவிழ ஓடிவந்தாள்.

"நர்சம்மா! பொண்ணுக்கு வலி எடுத்திடுச்சி! பனிக்கொடம் உடைஞ்சிடுச்சி!"

ராஜாராம் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். "உள்ளே போகக்கூடாது! மஞ்சூர் ஆகுறவரைக்கும் இது சேதமடைந்த கட்டடம்!"

"எப்ப சார் மஞ்சூர் ஆவும்?" என்றாள் ஆண்டாளம்மாள்.

வேதகிரி மனதுக்குள் கணக்குப் போட்டார். "எல்லாம் சுமுகமாகப் போனால், சித்திரையில்."

"அந்தக் கொழந்தை அவ்வளவு நாள் நிக்காது சார்."

"பிரசவத்தை ஒத்திவைக்க ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பார்க்கலாமே?" என்றார் ராஜாராம். கிண்டலாகச் சொல்லவில்லை. பையில் பாரம் தேடிக்கொண்டிருந்தார்.

கட்டிலிலிருந்து தேவகியின் குரல் வந்தது. களர்மேட்டில் அதுவரை யாரும் ஓர் அதிகாரியை அப்படித் திட்டியதில்லை. வேதகிரியின் அம்மாவில் ஆரம்பித்து இலாகாவின் போர்டு வரைக்கும் போயிற்று அது. ராஜாராமின் விரித்த கைகள் தாமாகவே இறங்கின.

"தலைச்சன்தான். இன்னும் ஒரு மணி நேரம் கீது" என்றாள் ஆண்டாளம்மாள், கட்டிலைக் குனிந்து பார்த்து. "இருசப்பா! ஒன்னால முடியுமா?"

இருசப்பன் எப்போதோ வேட்டியை மடித்துக் கட்டியாயிற்று. தாழ்வாரத்தில் பன்னிரண்டு குடம் தண்ணீர் வரிசையாக இருந்தது; எதற்கென்று அதுவரை யாரும் கேட்கவில்லை. முதல் குடத்தைச் சுவரின் உச்சியில் வீசினான். பிறகு இரண்டாவது. கஞ்சி ஊறியது, கொழகொழத்தது, தேங்காய்நார்ப் பந்தால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பாம்பு சட்டையை உரித்ததுபோலக் கறுப்புத் தோல் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. அதன் பின்னால் சுவர், மோர்ச் சுண்ணாம்பில், பளீரென்று.

ஊர் "ஓ!" என்றது. கறுத்த கஞ்சி வாசல்படியைத் தாண்டி ஆறாக ஓடி வேதகிரியின் வெள்ளை பூட்ஸை நிரப்பிவிட்டுப் போயிற்று. அவர் நகரவில்லை. நகர மறந்துபோயிருந்தார்.

"கரி போவுது!" என்று ராஜாராம் அலறினார். "சார், நானூறு போயிடுச்சு! நானூத்தைம்பது! ஐநூறு!"

முக்கால் மணியில் இரண்டு அறையும் வெள்ளை. பெண்கள் தரையைத் துடைத்துப் பினாயில் தெளித்தார்கள். தேவகி உள்ளே போனாள். ஆண்டாளம்மாள் கதவைச் சாத்தினாள், புகை அதிகாரியின் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால்.

வெளியே இரண்டு அதிகாரிகளும் புங்கமரத்தடியில் நின்று மந்திராலோசனை நடத்தினார்கள்.

"மஞ்சூர் இல்லாமல் கரி நீங்கிவிட்டது. இது குற்றம்" என்றார் வேதகிரி.

"குற்றம்தான் சார். அறையைத் திறந்துவிட நான் எழுதினேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

வேதகிரி ஒரு பூட்ஸைக் கழற்றிக் கஞ்சியைக் கொட்டினார்.

"அப்படியானால் குற்றம் இல்லை" என்றார் வேதகிரி. "ஆனால் கரி எங்கே போயிற்று என்று மேலே கேட்பார்களே?"

"கரி இருந்ததாகச் சொன்னாத்தானே சார் கேப்பாங்க?"

வேதகிரி தம் குமாஸ்தாவை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அங்கேயே, மரத்தில் காகிதத்தை வைத்து, ராஜாராம் எழுதினார்: 'மேற்படி கட்டடத்தைப் பார்வையிட்டதில் சுவர்கள் வெண்மையாக இருப்பது தெரியவந்தது. புகை இல்லை. ஆகவே நெருப்பு நிகழவில்லை என்று தீர்மானிக்கப்படுகிறது.'

நெருப்பில்லாமல் புகையாது என்பது ஊர்ப் பழமொழி. புகையில்லாவிட்டால் நெருப்பே இல்லை என்பது இலாகாவின் கண்டுபிடிப்பு.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. "பொம்பளைப் புள்ளை! ரெண்டு உசுரும் சொகம்!" என்றாள் ஆண்டாளம்மாள். "வெந்நீர் வேணும், விறகெல்லாம் ஈரமாக் கீது. எரிக்கறதுக்கு எதனாச்சும் குடுங்க!"

ராஜாராம் கையில் மூன்று மாசத்து ஃபைல் இருந்தது. அளவு, மறு அளவு, மாதிரி, உத்தரவு, எல்லாம் மூன்று மூன்று பிரதி. நிகழாத நெருப்புக்கு ஃபைல் இருக்கக்கூடாது. வேதகிரி தலையை அசைத்தார். அடுப்பில் அது ஜோராக எரிந்தது. குழந்தைக்கு முதல் குளியல் அந்த வெந்நீரில்தான். புகை இலாகாவால் ஒரு ஜீவனுக்கு உபகாரம் நடந்தது அந்த ஒரு தடவைதான். அதற்கும் ரிகார்டு இல்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. டீக்கடைப் பேச்சுக்கு மறுநாள், பொங்கல் வெள்ளைக்காகக் காலி செய்திருந்த பிரசவ அறைக்கு ராஜாராம் இருசப்பனோடு வந்து சேர்ந்தார். வேடிக்கை பார்க்கச் சேட்டுவும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், வெள்ளைக்கு உள்ளேயிருந்து, பழுப்பாக ஒரு கை தெரிந்தது. அதன்மேல் மஞ்சள். நடுவில் குங்குமம். கீழே வாடாத சாமந்தி ஒன்று.

"இது இன்னா?" என்றார் ராஜாராம்.

"கையம்மா சார்" என்றாள் ஆண்டாளம்மாள். "ஒவ்வொரு மழைக்கும் தானா வெளியே வரா. வலி தாங்காத பொண்ணுங்க அது மேல கைய வச்சி அழுத்திக்கும். நூத்தி முப்பது பிரசவம் ஆச்சி, ஒண்ணுகூடக் கெட்டதில்லே. எல்லம்மா தாயே சுவத்துல கை வச்சிட்டுப் போனதாப் பேசிக்கிறாங்க. நான் இன்னாத்துக்கு மறுத்துப் பேசணும்?"

ராஜாராம் கிட்டே போனார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுண்டுவிரல் தனியாக, கோபித்துக்கொண்டதுபோல, விலகி நின்றது. அவர் தம் வலது கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மெதுவாகக் கையை அதன்மேல் வைத்தார். மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

"நம்ம கடை மசால்வடை எண்ணெய்" என்றார் சேட்டு பயபக்தியோடு. "ஆறு வருசமா நிக்குது!"

யாரும் சிரிக்கவில்லை. ராஜாராம் கையை எடுக்காமல் நின்றார். முப்பது வருஷம் அந்தக் கை கையெழுத்துப் போட்ட எதனாலும் யாருக்கும் எதுவும் நடந்ததில்லை. துடைக்காத கையாக ஒரே ஒரு தரம் சுவரில் வைத்தது நூற்று முப்பது பெண்களுக்குப் பிடிமானமாக இருந்திருக்கிறது. அது தம் கை இல்லையென்றால் நெருப்பு இல்லை, புகை இல்லை, ரிகார்டு சரி. தம் கைதான் என்றால்...

"இன்னா சார்?" என்றான் இருசப்பன், மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தபடி. "எல்லம்மா கைன்னே வுட்டுர்லாமா? இல்லாட்டி இந்த வருசம் அஞ்சி பூச்சாப் போட்டு அமுக்கிடட்டுமா?"

"தொடாதே!" என்று ராஜாராம் அந்தக் கையை மறைத்துக்கொண்டு நின்றார். ஆறு வருஷத்துக்கு முன் கரியைத் தொடாதே என்று கத்திய அதே குரல். பிறகு, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தணிந்து சொன்னார்:

"நடந்ததுதான் இருசப்பா. நெருப்பு, கரி, கஞ்சி எல்லாம் நீ சொன்ன மாதிரியேதான் நடந்தது. ஆனா எழுத்துல மட்டும் கேக்காதே."